மலையகக் கதைகளைப் பதிவு செய்யப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

தோட்ட வேலைக்காகத் தமிழகத்திலிருந்து மலையகத் தமிழர் இலங்கைக்கு வந்த 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடைபயணம் போனார்கள். அந்த வரலாற்றின் பெரும்பகுதி இன்னும் வயதானவர்களின் வாயில்தான் இருக்கிறது. அதைப் பதிய வருகிறவர்களின் நோக்கம் நல்லதுதான். கோளாறு வேலை செய்யும் விதத்தில்.

காலை பத்து மணிக்கு, தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்துக்குப் போனால் யார் இருப்பார்கள்? ஓய்வு பெற்ற ஆண்களும் தொழிற்சங்கத் தலைவரும். தலைவர் சொல்வது சங்கத்தின் வரலாறு, அதுவும் வேண்டும். ஆனால் தோட்டத்தைத் தோளில் சுமந்த பெண்கள் அந்த நேரம் மலையில் கொழுந்து பறிக்கிறார்கள். அந்தி நிறுவை முடிந்து, அடுப்பு மூட்டும்போது பக்கத்தில் உட்காருங்கள். கேமரா வேண்டாம், போனில் குரல் பதிந்தால் போதும். தலைவரை நாசூக்காக வெளியே அனுப்பிவிடுங்கள்.

"எந்த வருஷம்?" என்று கேட்பது அடுத்த தவறு. பாட்டி திகைத்து "ஞாபகமில்ல சாமி" என்பார், பேச்சு அங்கேயே நின்றுவிடும். "பஞ்ச காலத்துக்கு முந்தியா, பிந்தியா?" என்று கேட்டுப் பாருங்கள். 1973-74இன் உணவுத் தட்டுப்பாட்டைத் தாண்டி வந்த குடும்பங்களுக்கு அதுதான் நாட்காட்டி. தேதி பிசகினால் திருத்தவும் வேண்டாம். இத்தாலியின் தெர்னி நகரில் 1949இல் சுட்டுக்கொல்லப்பட்ட ஒரு தொழிலாளியின் சாவை, ஊர்க்காரர் பலர் 1953 வேலைநீக்கப் போராட்டத்தில் நடந்ததாகவே சொன்னார்கள். அதை ஆராய்ந்த வாய்மொழி வரலாற்று ஆய்வாளர் அலெசாண்ட்ரோ போர்தெல்லி, பிழையென்று ஒதுக்காமல், ஏன் அப்படி நினைவில் தங்கியது என்று கேட்டார். ஆவணத்தில் கிடைக்காத பதில் அங்கே கிடைத்தது.

துன்பத்தை மட்டும் தோண்டாதீர்கள். வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளையைக் கேலி செய்து கட்டிய பாட்டும், லயத்தில் முளைத்த காதலும் வரலாறுதான்.

கடலோடு நிறுத்திக்கொள்வதும் குறைதான். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கு போட்டது. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். அண்ணன் இந்தப் பக்கம், தங்கை அந்தப் பக்கம். தலைமன்னார்வரை ஏற்றிப்போன ரயிலுக்கு மக்கள் வைத்த பெயர் அழுகைக் கோச்சி. அந்தக் கதையின் மறுபாதி தமிழ்நாட்டின் கோத்தகிரியிலும் கூடலூரிலும் இருக்கிறது.

கலையில் நடக்கும் தவறு இன்னும் பெரிது. மாசியில் காமன் ஊன்றி, மன்மதனைச் சிவன் எரிக்கும்வரை லயத்து வாசல்களில் நாட்கணக்கில் ஊரே கூடி நடத்துவது காமன் கூத்து. அதைப் பதினைந்து நிமிட "கலாசார நிகழ்ச்சி"யாகச் சுருக்கி, விருந்தினர் முன் மேடையேற்றுகிறோம். தப்பு என்னும் பறையை "நம் பாரம்பரியம்" என்று கொண்டாடுகிறோம். விடியலில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, ஆள் கூப்பிடத் தப்படித்தது யார், சாவு வீட்டில் அடித்தது யார், ஏன் ஒரு சாதிக்காரர் மட்டும்? இதைக் கேட்காமல் சமூகநீதி என்று பேசுவது எனக்கு ஒப்பவில்லை. தப்பை எடுப்பதா வேண்டாமா என்பதையும் அவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

மேடையைவிடப் பயன் தருவது வரைபடம். பெரிய தாளைத் தரையில் விரித்து, பழைய தோட்டத்தை நினைவிலிருந்து வரையச் சொல்லுங்கள். குழாயடி, பெரட்டுக்களம், குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பரா, மரக்கறித் தோட்டம், தாத்தாவைப் புதைத்த மேடு என்று ஒவ்வொன்றாக வரும். "அது அங்க இல்ல, இங்க" என்று சண்டையும் வரும். காணி உறுதிப் பத்திரம் இல்லாமல் தலைமுறைகளாக வாழும் குடும்பங்களுக்கு, அந்த மண்ணோடு தங்களுக்குள்ள தொடர்பைச் சொல்ல அந்தத் தாள் உதவும். காணி உரிமை பற்றிய கூட்டத்துக்கு அதைக் கொண்டுபோகலாம். கண்காட்சிச் சுவரில் மாட்டுவது அப்புறம்.

சம்மதம் விஷயத்தில் ஒரு கையெழுத்தோடு திருப்தியடையாதீர்கள். பதிந்ததைப் போட்டுக் காட்டி இரண்டாம் தடவையும் கேளுங்கள். கடன், தோட்ட நிர்வாகியான துரையோடு நடந்த தகராறு, பக்கத்துக் காம்பராக்காரர் பெயர் எல்லாம் பேச்சு வேகத்தில் வந்திருக்கும். வெட்டச் சொன்னால் வெட்டிவிடுங்கள். ஒரு பிரதியைக் கோயில் அலுமாரியிலோ பள்ளிக்கூடத்திலோ வைக்காமல் கொழும்புக்கு பஸ் ஏறாதீர்கள்.