டோமினார் 400: வீட்டு வாசலிலேயே பராமரிப்பும் டூரிங் மாற்றங்களும்

பஜாஜ் டோமினார் 400 வாங்கிய பலர் முதல் மாதத்திலேயே ஃபாக் லைட், டாப் பாக்ஸ், உயரமான விண்ட்ஸ்கிரீன் என்று பட்டியல் போட ஆரம்பித்துவிடுகிறார்கள். அந்த ஆசை நியாயமானதுதான். 2016 டிசம்பரில் அறிமுகமான இந்த பைக்குக்கு 373 சிசி லிக்விட் கூல்டு எஞ்சின். 2019இல் வந்த மாடலிலிருந்து 40 பி.எஸ். சக்தி. நாள் முழுக்க நெடுஞ்சாலையில் ஓட்டுவதற்கென்றே அமைந்த வண்டி. ஆனால் என்னைக் கேட்டால், முதலில் கை வைக்க வேண்டிய இடம் செயின். அப்புறம் பிரேக், கூலன்ட், டயர். லைட்டும் பெட்டியும் கடைசி.

காரணம் இருக்கிறது. செயினையும் பிரேக்கையும் பராமரிக்கும்போதுதான் கைக்கு அளக்கும் பழக்கம் வருகிறது. எத்தனை மில்லிமீட்டர், எவ்வளவு இறுக்கம், எத்தனை வோல்ட் என்று பார்க்கத் தெரிந்த பிறகு புதிதாக ஒன்றை மாட்டினால், அது நடுவழியில் கழன்று விழாது, எரியாது.

முதலில் கருவிகள்

ரிங் ஸ்பேனர் செட், ஆலன் கீ செட், ராட்செட்டுடன் சாக்கெட், ஸ்டீல் ஸ்கேல், ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், போல்ட்டை எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் டார்க் ரென்ச். இவற்றோடு ஒரு பேடாக் ஸ்டாண்டும் கட்டாயம் வேண்டும். டோமினாருக்கு சென்டர் ஸ்டாண்ட் கிடையாது. பின்சக்கரம் தரையில் இருந்து தூக்கி நிற்காவிட்டால் செயினை ஒழுங்காகச் சுத்தம் செய்யவே முடியாது. ஏறக்குறைய 190 கிலோ எடையுள்ள வண்டி இது. முதல் சில தடவைகள் ஸ்டாண்டில் ஏற்றும்போது எதிர்ப்பக்கம் ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். தரை சமமாக இருக்க வேண்டும். சைடு ஸ்டாண்டை மடக்காமல் விட்டுவிடுங்கள்.

டார்க் ரென்ச் விலை அதிகம் என்று பலர் தவிர்த்துவிடுகிறார்கள். நான் அதை முதல் செலவாக வைப்பேன். இரும்பு போல்ட் அலுமினியப் பாகத்துக்குள் போகிற இடங்களில் கை பலத்தை நம்பி முறுக்கினால் மரை பிய்ந்துவிடும். பிறகு லேத் பட்டறைக்குத்தான் போக வேண்டும். எந்த போல்ட்டுக்கு எத்தனை நியூட்டன் மீட்டர் என்பதற்கு உங்கள் மாடலுக்கான கையேட்டையோ சர்வீஸ் மேனுவலையோ மட்டும் நம்புங்கள். வேலை முடிந்ததும் ரென்ச்சை அதன் குறைந்தபட்ச அளவுக்குத் திருப்பி வையுங்கள். இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் தளர்ந்து, அளவு தப்பாகக் காட்டும்.

செயின்: இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்

500 கிலோமீட்டருக்கு ஒருமுறை செயினைச் சுத்தம் செய்யுங்கள், மழையில் ஓட்டினால் அன்றே. கிழக்குக் கடற்கரைச் சாலையிலோ தனுஷ்கோடிப் பக்கமோ போய்வந்தால் உப்புக் காற்றும் மணலும் சேர்ந்து செயினை வேகமாக அரிக்கும். அந்தப் பயணம் முடிந்த கையோடு சுத்தம் செய்துவிடுங்கள்.

எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போடுங்கள். கியர் நியூட்ரலில் இருக்கட்டும். எஞ்சினை ஓடவிட்டு, சுற்றும் செயினில் துணி பிடிக்கும் வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள். செயினுக்கும் அது ஓடும் பற்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டுக்கும் நடுவே துணி சிக்கினால் விரலும் கூடவே போகும். சக்கரத்தைக் கையால்தான் சுற்ற வேண்டும்.

செயின் கிளீனர் ஸ்ப்ரேயோ மண்ணெண்ணெயோ போதும். இந்தச் செயினின் இணைப்புகளுக்குள் கிரீஸை அடைத்து வைக்கும் சிறு ரப்பர் வளையங்கள் இருக்கின்றன. பெட்ரோலும் கம்பி பிரஷ்ஷும் அவற்றைக் கெடுத்துவிடும். வளையம் கெட்டால் கிரீஸ் வெளியேறும், செயின் சீக்கிரம் நீண்டுவிடும். மென்மையான நைலான் பிரஷ்ஷால் நான்கு பக்கமும் தேய்த்து, பழந்துணியால் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். பிறகு செயினின் உள்பக்கத்தில் லூப் (செயினுக்கான மசகு ஸ்ப்ரே) அடியுங்கள். சுற்றும் வேகத்தில் அது தானாக வெளிப்பக்கம் பரவிவிடும். ஸ்ப்ரே இல்லையென்றால் 90 நம்பர் கியர் ஆயிலைத் துணியில் நனைத்துத் தடவலாம். மிஞ்சியதைத் துடைத்துவிடுங்கள். டயரில் ஒரு சொட்டுகூடப் படக்கூடாது. லூப் அடித்த உடனே கிளம்பாமல், முந்தைய நாள் இரவே போட்டு வைத்தால் நன்றாக ஒட்டிப் பிடிக்கும்.

அடுத்தது தொய்வு. இரண்டு ஸ்ப்ராக்கெட்டுக்கும் நடுவில், செயினின் கீழ்வரிசையில் ஸ்கேலை வைத்து, விரலால் மேலே தள்ளி ஒரு அளவு, கீழே இழுத்து ஒரு அளவு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் தொய்வு. பெரும்பாலான சாலை பைக்குகளில் இது 20 முதல் 40 மி.மீ.க்குள் இருக்கும். உங்கள் வண்டிக்குச் சரியான எண் கையேட்டில் இருக்கும். அதை ஸ்டாண்டில் வைத்து அளக்கச் சொல்கிறதா, தரையில் நிறுத்தி அளக்கச் சொல்கிறதா என்பதையும் பாருங்கள். சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி நான்கைந்து இடங்களில் அளக்க வேண்டும். செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேயாது. இருப்பதிலேயே டைட்டான இடத்தை வைத்துத்தான் சரிசெய்ய வேண்டும். இதைக் கவனிக்காமல் லூஸான இடத்தைப் பார்த்து இறுக்கினால், டைட்டான இடம் கியர்பாக்ஸ் பேரிங்கைப் பிடித்து இழுக்கும்.

இறுக்க வேண்டியிருந்தால் பின்சக்கர ஆக்சில் நட்டைத் தளர்த்துங்கள், முழுக்கக் கழற்ற வேண்டாம். இரண்டு பக்க அட்ஜஸ்டரையும் கால் சுற்று, கால் சுற்றாக, இருபுறமும் ஒரே அளவு திருப்புங்கள். பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்ஆர்மில் உள்ள கோடுகள் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். அந்தக் கோடுகளை மட்டும் நம்பாமல் ஸ்விங்ஆர்ம் சேஸியோடு சேரும் பிவட்டில் இருந்து ஆக்சில் வரை இரு பக்கமும் டேப்பால் அளந்துவிடுவது இன்னும் நல்லது. பிறகு செயினுக்கும் பின் ஸ்ப்ராக்கெட்டுக்கும் இடையே மடித்த துணியை வைத்து, சக்கரத்தைப் பின்னோக்கிக் கையால் அழுத்திப் பிடியுங்கள். ஆக்சில் முன்னுக்கு வந்து அட்ஜஸ்டரில் நன்றாக உட்காரும். அப்படியே பிடித்துக்கொண்டு ஆக்சில் நட்டை டார்க் ரென்ச்சால் இறுக்குங்கள். துணியை எடுத்துவிட்டுத் தொய்வை இன்னொரு முறை அளங்கள். நட்டை இறுக்கும்போது அளவு சற்று மாறுவது சகஜம்.

செயின் தேய்ந்துவிட்டதா என்று அறிய, பின் ஸ்ப்ராக்கெட்டின் கடைசி முனையில் செயினைப் பிடித்து வெளியே இழுத்துப் பாருங்கள். பாதிப் பல்லுக்கு மேல் தெரிந்தால் மாற்றும் காலம் வந்துவிட்டது. செயின், முன் ஸ்ப்ராக்கெட், பின் ஸ்ப்ராக்கெட் மூன்றையும் செட்டாகத்தான் மாற்ற வேண்டும்.

பிரேக்

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பின்னால் ஆளும் பெட்டியுமாக இறங்கும்போதுதான் பிரேக் ஆயிலின் வயது தெரியும். இந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் சேரச் சேர அதன் கொதிநிலை குறையும். தொடர்ந்து பிடித்துச் சூடான பிரேக்கில் ஆயில் கொதித்து ஆவிக்குமிழி உண்டானால், லீவர் பஞ்சு மாதிரி உள்ளே போய்விடும். அதனால் நிறம் எப்படி இருந்தாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். எந்த வகை ஆயில் என்பது வண்டியில் உள்ள பிரேக் ஆயில் டப்பாவின் மூடியிலேயே எழுதியிருக்கும். ஏ.பி.எஸ். உள்ள வண்டியில் காற்று நுழைந்துவிட்டால் வெளியேற்றுவது சிக்கல். ஆகவே ஆயில் மாற்றும் வேலையை மட்டும் தொடக்கத்தில் நல்ல மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

பேடைப் பார்ப்பது உங்கள் வேலை. டார்ச் அடித்து, டிஸ்க்கைப் பிடிக்கும் காலிப்பருக்குள் பாருங்கள். பேடில் உள்ள பள்ளம் மறையும் நிலைக்கு வந்திருந்தால் மாற்ற வேண்டியதுதான். காலிப்பரைக் கழற்றினால் அதை ஹோஸில் தொங்கவிடாமல் ஒரு கயிற்றால் கட்டி வையுங்கள். கழற்றிய நிலையில் லீவரைத் தொடவே கூடாது, பிஸ்டன் வெளியே வந்துவிடும். புதுப் பேடுக்காகப் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது மேலே டப்பாவில் ஆயில் மட்டம் ஏறும். வழிந்து டேங்கில் பட்டால் பெயின்ட் உரியும், உடனே தண்ணீரால் கழுவுங்கள். எல்லாம் மாட்டிய பிறகு, வண்டியை நகர்த்துவதற்கு முன்பே, லீவர் கெட்டியாகும் வரை பம்ப் செய்யுங்கள்.

கூலன்ட், ஆயில், டயர்

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ரிசர்வ் டேங்கில் மட்டம் இரண்டு கோடுகளுக்கு நடுவே இருக்கிறதா என்று பாருங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே திறக்காதீர்கள், கொதிக்கும் கூலன்ட் முகத்தில் பீறிடும். குழாய்த் தண்ணீர் ஊற்றினால் உள்ளே உப்புப் படியும்.

எஞ்சின் ஆயில் வாங்கும்போது டின்னில் ஜாசோ எம்.ஏ.2 என்று இருக்கிறதா என்று பாருங்கள். இந்த வண்டியில் கிளட்ச் அந்த ஆயிலிலேயே நனைந்து ஓடுகிறது. கார் ஆயில் போட்டால் கிளட்ச் வழுக்கலாம்.

டயர் காற்றை காலையில், வண்டியை எடுப்பதற்கு முன் பாருங்கள். பங்கில் காட்டும் எண்ணைவிட குறைந்த செலவில் கிடைக்கும் சின்ன கேஜ் உங்களிடமே இருப்பது நல்லது. புது டயர் வாங்கும்போது பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைப் படியுங்கள். 2423 என்றால் 2023ஆம் ஆண்டின் 24வது வாரம் தயாரானது.

பெட்டியும் சுமையும்

2021 அக்டோபருக்குப் பிறகு வந்த டோமினாரில் உயரமான விண்ட்ஸ்கிரீன், ஹேண்ட்கார்டு, கேரியர் எல்லாம் நிறுவனமே பொருத்திக் கொடுக்கிறது. பழைய வண்டிக்காரர்கள் அதே பாகங்களைத் தேடுவது நல்ல வழி. துளைகள் பொருந்தும், எதையும் வெட்ட வேண்டியதில்லை.

டாப் பாக்ஸில் லேசான பொருள்களை மட்டும் வையுங்கள். அது பின் ஆக்சிலுக்கும் பின்னால், உயரத்தில் இருக்கிறது. அங்கே கனம் ஏறினால் முன்சக்கரத்தின் பாரம் குறைந்து, வேகத்தில் ஹேண்டில்பார் ஆட ஆரம்பிக்கும். டூல்ஸ், தண்ணீர், ஜாக்கெட் போன்ற கனமானவை இரு பக்கப் பைகளில், தாழ்வாக, சம எடையில் போகட்டும். ஹேண்டில்பாரை உயர்த்த ரைசர் போட்டால் இடமும் வலமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். கேபிளோ பிரேக் ஹோஸோ இழுத்துப் பிடித்தால் அந்த ரைசர் வேண்டாம்.

கூடுதல் லைட்: ரிலே இல்லாமல் தொடாதீர்கள்

லைட்டின் பெட்டியில் எழுதியிருக்கும் வாட்ஸை நம்ப வேண்டாம். மல்டிமீட்டரின் சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, பேட்டரிக்கும் லைட்டுக்கும் நடுவே தொடராக இணைத்து, ஒரு லைட் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று பாருங்கள். அளந்து முடித்ததும் வயரை உடனே வோல்ட் துளைக்குத் திருப்பிவிடுங்கள். மறந்துபோய் அப்படியே பேட்டரியின் இரு முனையிலும் வைத்தால் ஷார்ட் ஆகிவிடும். உண்மையில் 20 வாட்ஸ் இழுக்கும் இரண்டு லைட் என்றால் 40ஐ 12ஆல் வகுக்க 3.3 ஆம்பியர். அதற்கு 5 ஆம்பியர் ஃபியூஸ் சரியாக இருக்கும்.

ரிலே என்பது சிறிய கரன்ட்டால் பெரிய கரன்ட்டைப் போட்டு அணைக்கும் ஒரு சுவிட்ச். அதன் நான்கு கால்களிலும் எண் போட்டிருக்கும். 30ஆம் எண்ணுக்கு பேட்டரியின் பாசிட்டிவ், நடுவே ஃபியூஸ். அந்த ஃபியூஸ் பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும், ஏனென்றால் ஃபியூஸுக்கு முந்தைய வயர் எங்காவது உரசினால் அதைக் காப்பாற்ற எதுவும் இல்லை. 87இல் இருந்து லைட்டுகளுக்கு. 85 எர்த். 86க்கு, சாவி போட்டால் மட்டும் கரன்ட் வரும் ஒரு வயர், உங்கள் சுவிட்ச் வழியாக. நம்பர் பிளேட் லைட்டின் வயர் இதற்கு வசதி. சாவி போட்டதும் 12 வோல்ட், எடுத்ததும் பூஜ்யம் என்று மீட்டரில் உறுதி செய்துகொள்ளுங்கள். லைட்டின் நெகட்டிவை நேராக பேட்டரி நெகட்டிவுக்கே கொண்டுவாருங்கள்.

வண்டியின் ஒரிஜினல் வயரை வெட்டாதீர்கள். வெட்டினால் வாரன்டி மறுக்கப்படலாம், பின்னால் ஒரு கோளாறு வந்தால் கண்டுபிடிப்பதும் கஷ்டம். பொருத்தமான கப்ளர் (வயர்களைச் செருகி இணைக்கும் பிளக்) வாங்கி நடுவே சேருங்கள். முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. உலோக முனையை வயரோடு நசுக்கி கிரிம்ப் செய்து, சூட்டில் சுருங்கி மூடும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் போடுங்கள்.

வேலை முடிந்ததும் பேட்டரி முனையில் மீட்டரை வைத்து எஞ்சினை ஐடிலில் ஓடவிடுங்கள். லைட் அணைந்திருக்கும்போது 14 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். லைட் போட்டதும் 13க்குக் கீழே இறங்கினால், நெரிசலில் நிற்கும் நேரமெல்லாம் பேட்டரிதான் கரன்ட் கொடுக்கிறது என்று பொருள். குறைந்த வாட்ஸ் லைட்டுக்கு மாறுங்கள். ஒளியைச் சுவரில் அடித்துப் பார்த்து, அதன் மேல்விளிம்பு ஹெட்லைட் உயரத்துக்குக் கீழே இருக்கும்படி தாழ்த்தி வையுங்கள். ஊருக்குள் அணைத்துவிடுங்கள். எதிரே டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லில் வரும் பெரியவருக்குக் கண் கூசக்கூடாது.

எதை மாற்றலாம் என்பதற்குச் சட்ட வரம்பும் உண்டு. பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றுவதை 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்க இடம் உண்டு. எஞ்சினிலும் சேஸியிலும் கை வைக்காதீர்கள். இரைச்சல் சைலன்சரை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. எட்டு மணி நேரம் ஓட்டுபவருக்கே அது தலைவலி, ஆஸ்பத்திரி வாசலில் இருப்பவருக்கு அதைவிடக் கொடுமை.

புதிதாக மாட்டிய ஒவ்வொரு போல்ட்டிலும், இறுக்கிய பிறகு, தலையிலிருந்து பக்கத்துப் பாகம் வரை பெயின்ட் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வையுங்கள். முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் நிறுத்திப் பாருங்கள். கோடு விலகியிருந்தால் அந்த போல்ட் தளர்கிறது. அதைக் கழற்றி, மரையைப் பிடித்துக்கொள்ளும் பசையான நீல நிற திரெட் லாக்கர் ஒரு சொட்டு விட்டு, மறுபடி அளவாக இறுக்குங்கள்.