தென்னைக்குச் செய்வதை மேப்பிளுக்குச் செய்யாதீர்கள்

அம்பாசமுத்திரத்திலிருந்தும் பாளையங்கோட்டையிலிருந்தும் கனடா பக்கம் போய்ச் சொந்த வீடு வாங்கியவர்களில் பலருக்கு வாசலில் சிவப்பாக ஒரு ஜப்பானிய மேப்பிள் நிற்க வேண்டும் என்று ஆசை. மரம் வளர்ப்பது நமக்குத் தெரியாததா என்ற தைரியத்தில் இறங்குகிறார்கள். அந்தத் தைரியம்தான் பெரும்பாலும் மரத்தைக் கொல்கிறது.

தென்னம்பிள்ளைக்கு மூன்றடிக் குழி வெட்டுகிறோம், வாழைக்கு மண் அணைக்கிறோம். தென்னையின் அடித்தண்டிலிருந்து புது வேர்கள் விட்டுக்கொண்டே இருப்பதால் ஆழம் அதற்கு நல்லது. மேப்பிளின் கதை வேறு. அதன் வேர்கள் மேல்மண்ணிலேயே பரவும், அடிமரம் மண்ணுக்குள் போனால் பட்டை மூச்சுமுட்டி அழுகும். கன்று வாங்கியதும் தொட்டி மண்ணை விரலால் விலக்கிப் பாருங்கள். தண்டு நேராக இறங்கி, ஓரிடத்தில் அகன்று வேராகப் பிரியத் தொடங்கும். அந்த அகன்ற இடம் நட்ட பிறகும் கண்ணில் பட வேண்டும். நர்சரித் தொட்டியிலேயே அது புதைந்திருப்பதும் உண்டு, ஆகவே தொட்டியின் மண்மட்டத்தை நம்ப வேண்டாம். களிமண் நிலமானால் இரண்டு அங்குலம் மேடாகவே நடலாம். மரத்தூளோ பட்டைச் சீவலோ மூடாக்காகப் போடுவது நல்லதுதான், ஆனால் அடிமரத்தை ஒட்டிக் குவிக்கக் கூடாது. அதேபோல, வட்டப் பாத்தி கட்டித் தண்ணீரை நிறுத்தி வைக்கும் பழக்கத்தையும் ஊரிலேயே விட்டுவிடுங்கள். ஈரம் வேண்டும், தேக்கம் ஆகாது.

இன்னொன்று நம்மவர்களுக்கென்றே காத்திருக்கும் தவறு. கத்தரியும் தக்காளியும் போட்ட பாத்தி காலியானதும், நன்றாக உரமேறிய மண்ணாயிற்றே என்று மேப்பிளை அங்கே நட்டுவிடுகிறார்கள். வெர்ட்டிசிலியம் என்ற வாடல் நோய்ப் பூஞ்சை இந்தக் காய்கறிகளையும் பிடிக்கும், மேப்பிளையும் பிடிக்கும். மண்ணில் பல ஆண்டுகள் தங்கும். ஒரு பக்கக் கிளை மட்டும் திடீரென வாடி, அதை வெட்டிப் பார்த்தால் உள்ளே கருத்த கோடுகள் தெரியும். மருந்து கிடையாது. கத்தரிக்காய்க்கு ஒரு மூலை, மேப்பிளுக்கு வேறொரு மூலை என்று முதலிலேயே பிரித்துவிடுங்கள்.

குளிரைப் பொறுத்தவரை, பிளட்குட் போன்ற வகைகள் சுமார் மைனஸ் 25 டிகிரி வரை தாங்கும். வின்னிபெக் போன்ற ஊர்களில் அதுவும் போதாது. அங்கே கொரிய மேப்பிளை முயன்று பார்க்கலாம். ஆனால் இந்தத் தாங்கும் சக்தி கிளைக்குத்தான், வேருக்கு அவ்வளவு கிடையாது. தரையில் பிழைக்கும் மரம் தொட்டியில் செத்துப்போவது அதனால்தான். தொட்டியானால் வெப்பமூட்டாத கார் ஷெட்டுக்குள் கொண்டுபோய் வையுங்கள். வரவேற்பறைக்குள் வைத்துக் காப்பாற்ற நினைப்பது அன்புதான், ஆனால் மரத்துக்குக் குளிர்காலத் தூக்கம் வேண்டும். ஆகஸ்டுக்குப் பிறகு யூரியா வகை உரத்தைத் தொடாதீர்கள். அப்போது விடும் இளந்தளிர் முற்றுவதற்குள் உறைபனி வந்துவிடும். உரம் போடுவதானால் வசந்தத் தொடக்கத்தில், கொஞ்சமாக.

பனி உருகியதும் மொட்டைக் கிளையைப் பார்த்து, பட்டுப்போயிற்று என்று அரிவாளை எடுக்க வேண்டாம். நகத்தால் பட்டையை லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது. ஒட்டு மாங்கன்றில் செய்வதுபோல, ஒட்டுக்குக் கீழே கிளம்பும் பச்சைக் கிளையை மட்டும் உடனே நீக்கிவிடுங்கள்.

இதையெல்லாம் வீடியோவில் பார்த்து நெல்லையிலேயே வளர்க்கலாம் என்று விதை வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். நீல இலை மேப்பிள் என்று இணையத்தில் விற்பது கலர் மாற்றிய படம். அப்படி ஒரு மரமே கிடையாது. அசல் விதையாக இருந்தாலும் மூன்று நான்கு மாதம் ஈரக் குளிரில் கிடந்தால்தான் முளைக்கும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்து முளைக்க வைத்தாலும், மார்கழி இரவில்கூட 20 டிகிரிக்குக் கீழே இறங்க மறுக்கும் ஊரில் அது எப்போது தூங்கும்? சித்திரை வெயிலில் இலை ஓரம் கருகி, போர்வெல் தண்ணீரின் உப்பும் சேர்ந்துகொண்டால் அதோடு சரி. இலை சிவந்து உதிர்வதைப் பார்க்கத்தான் ஆசை என்றால் வாதாங்கொட்டை மரம் நம் ஊரிலேயே அதைச் செய்கிறது. அகலமாகப் படரும் மரம் என்பதால் சுவரை விட்டு நன்றாகத் தள்ளி நடுங்கள்.