பள்ளி விடும் நேரத்தில் காரோடு வருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் முதல் சில வாரங்கள் சாயங்காலம் கேட்டை விட்டு என்னால் நகர முடியாது. சென்னையில் ஒரு பள்ளியின் போக்குவரத்துப் பொறுப்பைப் பார்க்கிறேன். அதற்கு முன்னால் பள்ளி வேன் ஓட்டினேன். எல்.கே.ஜி.யில் பிள்ளையைச் சேர்த்த புதுப் பெற்றோர் அப்போதுதான் முதல் தடவையாகக் காரோடு வருவார்கள். இன்று பழகிப்போன பெற்றோர் சேர்ந்த புதிதில் என்னென்ன செய்தார்களோ, அதையே இவர்களும் அதே இடத்தில் நின்று செய்வார்கள்.

போன் பேசிக்கொண்டு ஓட்டக் கூடாது, பிள்ளையை மடியில் வைத்து ஓட்டக் கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன். நிதானமாக ஓட்டுகிறவர்கள், பிள்ளை மேல் உயிரையே வைத்திருப்பவர்கள் செய்கிற தவறுகளைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று தோன்றியது.

சீக்கிரம் வந்து இடம் பிடிப்பது

மூன்றே காலுக்கு பெல் என்றால் இரண்டே முக்காலுக்கே கார்கள் வர ஆரம்பித்துவிடும். முதலில் வந்தால் முதலில் கிளம்பலாம் என்ற எண்ணம். நடப்பது வேறு.

ஒரு கார் முன்னும் பின்னும் இடம் விட்டு நிற்க 6 மீட்டர் வேண்டும். பள்ளியின் முன்பக்கம் 100 மீட்டர் நீளம் என்றே வைத்துக்கொள்வோம். 16 கார் நிற்கலாம். அதில் பள்ளி கேட், பஸ் நிறுத்தம், மின்மாற்றி, பக்கத்து வீட்டு வாசல் எல்லாவற்றையும் கழித்தால் பத்து தேறினால் பெரிது. பதினோராவதாக வருகிறவர் திரும்பிப் போவதில்லை. பக்கத்தில் இரண்டாவது வரிசையாக நிறுத்துகிறார். அவ்வளவுதான், முதல் வரிசைக்காரர் சிறைப்பட்டார். பெல் அடிக்கும் முன்பே தெரு அடைத்துவிடும். நாற்பது பிள்ளைகளை ஏற்றிய பள்ளி பஸ் உள்ளேயே நிற்கும், ஒவ்வொரு காரிலும் ஒரு பிள்ளை ஏறும் வரைக்கும்.

பெல் அடித்துப் பத்து நிமிடம் கழித்து வந்து பாருங்கள். முன்னால் வந்தவர்களோடு ஏறக்குறைய ஒன்றாகத்தான் வீடு போய்ச் சேருவீர்கள், நிறுத்த இடமும் கிடைக்கும். பிள்ளை தனியாக நிற்குமே என்று பயப்பட வேண்டாம். பெரும்பாலான பள்ளிகளில் சின்ன வகுப்புப் பிள்ளைகளை எஸ்கார்ட் கார்டு, அதாவது கூட்டிப்போக வருகிறவருக்குப் பள்ளி கொடுத்த அட்டை, காட்டாமல் வெளியே விடுவதில்லை. "நான் பத்து நிமிடம் தாமதமாகத்தான் வருவேன்" என்று வகுப்பு ஆசிரியையிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். அவருக்கும் அது நிம்மதிதான்.

ஏசிக்காக இன்ஜினை ஓடவிடுவது

ஏப்ரல் வெயிலில் அரை மணி நேரம் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உட்கார முடியாது, உண்மைதான். ஆனால் பெரியவர்களின் மூக்கை விட எல்.கே.ஜி. பிள்ளையின் மூக்குதான் உங்கள் சைலன்சருக்குப் பக்கத்தில் இருக்கிறது. வரிசையாக முப்பது கார் புகைவிடும் இடைவெளியில்தான் அந்தப் பிள்ளைகள் நடந்து வருகிறார்கள். தாமதமாக வாருங்கள் என்று மேலே சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். காத்திருக்கும் நேரம் குறைந்தால் ஏசிக்கும் வேலை இல்லை.

எதிர்ப்பக்கம் நிறுத்திவிட்டுப் பிள்ளையைக் கூப்பிடுவது

இதைப் பற்றி நீளமாகச் சொல்லத்தான் போகிறேன். இத்தனை வருடம் கழித்தும் இதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

பள்ளிப் பக்கம் இடம் இல்லை. யூ டர்ன் போட்டு வந்தால் இன்னும் கால் மணி நேரம் ஆகும். அதனால் சாலைக்கு எதிர்ப்பக்கம் நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, பிள்ளையைப் பெயர் சொல்லி அழைக்கிறார்கள். இல்லையென்றால் வாட்ச்மேனுக்கு போன் போட்டு, "நான் எதிரேதான் இருக்கிறேன், பாப்பாவை அனுப்பிவிடுங்கள்" என்கிறார்கள். டிரைவரை அனுப்பும் வீடுகளில் இது இன்னும் அதிகம். வண்டியை விட்டு இறங்கினால் போலீஸ் அபராதம் போட்டுவிடுவார்களோ என்று டிரைவர் சீட்டிலேயே உட்கார்ந்திருப்பார். யூ டர்ன் போடும் சிரமம் பெரியவருக்கு மிச்சம். அதற்குப் பதிலாக ஆறு வயதுப் பிள்ளை சாலையைக் கடக்கிறது.

அந்தப் பிள்ளையின் இடத்தில் நின்று பாருங்கள். ஆறு வயதில் உயரம் சுமார் 115 சென்டிமீட்டர். சாதாரண ஹேட்ச்பேக் காரே 150 சென்டிமீட்டர் உயரம், எஸ்.யூ.வி. அதற்கும் மேல். நிற்கும் இரண்டு கார்களுக்கு நடுவிலிருந்து வெளியே வரும் பிள்ளைக்கு வருகிற வண்டி தெரியாது, வண்டி ஓட்டுகிறவருக்கும் பிள்ளை தெரியாது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கும்போது நடுவில் சில மீட்டர்தான் மிச்சம்.

30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு வினாடியில் 8 மீட்டர் ஓடும். கண்ணில் பட்டு, கால் பிரேக்கை மிதிக்க ஏறத்தாழ அந்த ஒரு வினாடி ஆகிவிடுகிறது. அப்புறம் வண்டி நிற்க இன்னும் 5 மீட்டர். ஆக மொத்தம் 13 மீட்டர். 40 கிலோமீட்டர் வேகம் என்றால் 20 மீட்டரைத் தொட்டுவிடும். இதெல்லாம் காய்ந்த சாலை, நல்ல பிரேக் என்று வைத்துப் போட்ட கணக்கு.

சரி, பிள்ளை பார்த்துக் கடக்கலாமே என்பார்கள். நாம் சாலையில் இடது பக்கம் போகிறோம், அதனால் முதலில் வலது பக்கம் பார்க்கச் சொல்லித்தருகிறோம். ஆனால் பள்ளி விடும் நேரத்தில் நெரிசலைத் தவிர்க்க எதிர்த் திசையில் பைக்குகள் ஓரமாக வரும். பிள்ளை பார்க்காத பக்கத்திலிருந்து வரும். வருகிற வண்டியின் வேகத்தை அளந்து பார்க்கும் திறமையும் அந்த வயதில் முழுமையாக வந்திருக்காது. எல்லாவற்றுக்கும் மேலே, நீங்கள் கூப்பிட்ட அந்த நிமிடத்தில் பிள்ளை சாலையைப் பார்ப்பதே இல்லை. உங்கள் முகத்தைத்தான் பார்க்கிறது. நாள் முழுக்கப் பிரிந்திருந்த அம்மாவோ அப்பாவோ கை அசைத்தால் எந்தப் பிள்ளை நின்று இரண்டு பக்கமும் பார்க்கும்?

நான் வேன் ஓட்டிய காலத்தில் நடந்தது இது. இரண்டாம் வகுப்புப் பெண். தாத்தாதான் கூட்டிப்போக வருவார். ஹாரன்கூட அடிக்காத மனிதர். அன்று பள்ளிப் பக்கம் இடமில்லை. எதிரே மருந்துக்கடை முன்னால் நிறுத்திவிட்டு, "இங்கே வா கண்ணு" என்று கையைக் காட்டினார். அவள் நின்ற இடத்திலிருந்து ஓடினாள். பாதிச் சாலை கடந்த பிறகுதான் பைக் மோதியது. காறை எலும்பும் மேல்கை எலும்பும் முறிந்தன. உயிருக்கு ஆபத்தில்லை, அவள் இப்போது நன்றாக இருக்கிறாள்.

பைக்கில் வந்தவர் சாப்பாடு டெலிவரி செய்யும் பையன். தன் பக்கத்தில்தான் வந்தார், வேகமும் அதிகமில்லை. கூட்டம் சேர்ந்து அவரை அடித்தது. நானும் இன்னொரு டிரைவரும் தடுத்தும் சட்டை கிழியும் அளவுக்கு அடித்தார்கள். வழக்கும் அவர் மேல்தான் போடப்பட்டது. "நான் கூப்பிட்டதால்தான் குழந்தை ஓடிவந்தாள்" என்று தாத்தா எல்லோரிடமும் சொன்னார். அதை யாரும் காதில் வாங்கவில்லை. அந்தப் பையன் ஒரு மாதத்துக்கு மேல் வண்டியும் இல்லாமல் வருமானமும் இல்லாமல் அலைந்தார்.

இதைப் புதுப் பெற்றோரிடம் சொன்னால் அநேகமாக எல்லோரும் ஒரே பதிலைச் சொல்கிறார்கள்: "நான் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன்." தாத்தாவும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். சாலைக்கு அந்தப் பக்கம் சீட்டில் உட்கார்ந்திருப்பவரின் பார்வையால் எந்த வண்டியையும் நிறுத்த முடியாது.

வேண்டியதெல்லாம் மூன்று காரியம்தான். எங்கே நிறுத்தினாலும் நீங்கள் இறங்கி, நீங்கள் சாலையைக் கடந்து, கேட்டுக்கு வாருங்கள். திரும்பும்போது பிள்ளையின் விரலைப் பிடிக்காதீர்கள், மணிக்கட்டைப் பிடியுங்கள். வியர்த்த விரல் ஒரு துள்ளலில் நழுவிவிடும். அப்புறம் பிள்ளையிடம் வீட்டிலேயே ஒன்றைச் சொல்லிவையுங்கள்: யார் கூப்பிட்டாலும், நானே எதிர்ப்பக்கத்திலிருந்து கூப்பிட்டாலும், வரக் கூடாது; நான் வந்து தொடும் வரை கேட்டுக்குள்ளேயே நில். இதைச் சொன்ன வீட்டுப் பிள்ளைகள் அப்படியே நிற்பதைப் பார்த்திருக்கிறேன். பெரியவர்கள்தான் மறந்துபோய்க் கையைக் காட்டுவார்கள்.

நடுவில் தடுப்புச் சுவர் இருக்கும் பெரிய சாலை என்றால் இன்னும் மோசம். தடுப்பின் இடைவெளியில் பிள்ளை பையோடு நின்றுகொண்டு இரண்டு பக்கமும் பார்த்துத் தவிக்கும். மெட்ரோ வேலைக்காகக் குறுக்கிய சாலைகளில் தகரத் தடுப்பு பார்வையையே மறைத்துவிடுகிறது. அங்கே எதிர்ப்பக்கம் நிறுத்துவதை நினைத்தும் பார்க்காதீர்கள்.

டபுள் பார்க்கிங்

பார்க்கிங் லைட்டைப் போட்டாலும், "ரெண்டே நிமிஷம்" என்றாலும், நிற்கும் காருக்குப் பக்கத்தில் இரண்டாவது வரிசையாக நிறுத்தக் கூடாது.

பள்ளித் தெருவில் ரிவர்ஸ் எடுப்பது

2022-ல் சென்னையில் ஒரு பள்ளி வளாகத்துக்குள்ளேயே வேன் மோதி இரண்டாம் வகுப்புச் சிறுவன் இறந்தான். அதற்குப் பிறகுதான் தமிழ்நாட்டில் பள்ளி வாகனங்களுக்கு முன்னும் பின்னும் கேமராவும், எச்சரிக்கும் சென்சாரும் கட்டாயமாயின. தினமும் பிள்ளைகளோடே ஓட்டுகிற, கிளீனர் கூடவே இருக்கிற வண்டிகளுக்கே இந்த ஏற்பாடு தேவைப்பட்டது.

உங்கள் காரில் ரிவர்ஸ் கேமரா இருக்கலாம். பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் தண்ணீர் பாட்டிலை எடுக்கக் குனிந்த பிள்ளை அதில் தெரியாமல் போகலாம். முட்டுச்சந்தாக இருக்கும் தெருவுக்குள் நுழையவே நுழையாதீர்கள். நேராகவே வெளியே போக வழி இருக்கும் இடத்தில் மட்டும் நிறுத்துங்கள். தவறிப்போய் மாட்டிக்கொண்டால், கூட்டம் கலையும் வரை இன்ஜினை அணைத்துவிட்டு உட்கார்ந்திருங்கள்.

வலப்பக்கக் கதவைத் திறப்பது

ஓரமாக நிறுத்திய காரின் வலப்பக்கக் கதவு சாலைக்குள் திறக்கிறது. பிள்ளை ஏறுவதும் இறங்குவதும் எப்போதும் இடப்பக்கம். பின்னால் வலது கதவுக்கு மட்டும் சைல்டு லாக் போட்டுவிடுங்கள், உள்ளேயிருந்து திறக்க முடியாது. நீங்கள் இறங்கும்போது வலது கதவை இடது கையால் திறந்து பழகுங்கள். உடம்பு தானாகத் திரும்பும், பின்னால் வரும் பைக் கண்ணில் படும். டியூஷனுக்கு சைக்கிளில் போகும் பெரிய வகுப்புப் பிள்ளைகள்தான் இந்தக் கதவுகளில் அதிகமாக அடிபடுகிறார்கள்.

பஸ் நிறுத்தத்திலும் கேட் முன்னாலும் நிறுத்துவது

மாநகரப் பேருந்து வரும்போது நகர்ந்துகொள்ளலாம் என்று நினைக்கிறார்கள். பின்னால் இன்னொரு கார் நின்றுவிட்டால் எப்படி நகர்வது? பேருந்து நடுச் சாலையில் நிற்கும். ஸ்டூடன்ட் பாஸ் வைத்திருக்கும் பிள்ளைகள் கார்களுக்கு இடையில் புகுந்து, ஓடிப்போய் ஏற வேண்டும். கார் இல்லாத வீட்டுப் பிள்ளைகள் மேல் நாம் ஏற்றிவைக்கும் ஆபத்து அது, எனக்கு மிகவும் வருத்தம் தருகிற விஷயம்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. மத்திய அரசின் 2017-ஆம் ஆண்டு வாகன ஓட்டுநர் விதிமுறைகளின்படி பஸ் நிறுத்தம், கல்வி நிறுவன வாசல், மருத்துவமனை வாசல், நடைபாதை எங்கும் வண்டியை நிறுத்தக் கூடாது. நோ பார்க்கிங்குக்கு அபராதம் முதல் தடவை 500 ரூபாய், மறுபடியும் மாட்டினால் 1,500 ரூபாய். 500 ரூபாயைக் கட்டிவிட்டு மறுநாளும் அங்கேயே நிறுத்துகிறவர்கள் உண்டு. அதனால்தான் அபராதத்தை நம்பி நான் பேசுவதில்லை.

ஹாரன்

அடிக்காதீர்கள். முன்னால் இருப்பவருக்கும் இடமில்லை.

மழை நாளில் மட்டும் கார் எடுப்பது

ஐப்பசி, கார்த்திகையில் இது நடக்கும். மற்ற நாள் ஸ்கூட்டரிலும் வேனிலும் போகிற பிள்ளைகளுக்கு மழை என்றதும் கார் வரும். அதே தெரு, இரண்டு மடங்கு கார், ஓரத்தில் முழங்கால் தண்ணீர், அதற்கடியில் மழைநீர் வடிகால் மூடி இருக்கிறதா இல்லையா என்று தெரியாது. குடைக்குள் இருக்கும் பிள்ளைக்குப் பக்கவாட்டில் எதுவும் தெரியாது, வைப்பர் ஓடும் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவருக்கும் சரியாகத் தெரியாது. வேனில் வரும் பிள்ளையை மழை நாளிலும் வேனிலேயே விடுங்கள். வேன் டிரைவருக்குத் தெருவின் பள்ளமெல்லாம் மனப்பாடம். ஸ்கூட்டர்காரர்கள் பெரிய ரெயின்கோட்டோடு அரை மணி நேரம் தாமதமாக வந்தால் பிள்ளை பள்ளிக்குள் நனையாமல் இருக்கும்.

வாசலிலேயே ஏற்ற வேண்டும் என்ற பிடிவாதம்

ஆறாம் வகுப்புக்கு மேல் படிக்கிற பிள்ளைக்கு 300 மீட்டர் நடப்பது சிரமமே இல்லை. பள்ளி இருக்கும் பக்கமாகவே, எந்தச் சாலையையும் கடக்காமல் போகக்கூடிய ஒரு இடத்தைப் பார்த்துவையுங்கள். பூங்கா வாசலோ, கோயில் மதிலோ, நிழல் இருந்தால் நல்லது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளையோடு அந்த வழியில் நடந்து பாருங்கள். நடைபாதை எங்கே உடைந்திருக்கிறது, எந்த வீட்டு கேட்டிலிருந்து வண்டி வெளியே வரும் என்று காட்டிக்கொடுங்கள். திங்கட்கிழமையிலிருந்து அங்கேயே காத்திருங்கள். நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலை மாதிரி பள்ளிகள் நெருக்கமாக இருக்கும் சாலைகளில் பல குடும்பங்கள் இப்படித்தான் சமாளிக்கின்றன.

பெற்றோர் கூட்டத்தில் பள்ளியிடம் கேட்க வேண்டியதும் ஒன்று உண்டு. எல்லா வகுப்புக்கும் ஒரே பெல் அடிக்காமல், சின்ன வகுப்பு, நடு வகுப்பு, பெரிய வகுப்பு என்று பதினைந்து நிமிட இடைவெளியில் விடச் சொல்லுங்கள். அக்காவும் தம்பியும் வேறு வேறு நேரத்தில் விட்டால் கஷ்டம் என்று யாராவது சொல்வார்கள். தம்பியை அக்கா வரும் வரை உள்ளே உட்காரவைக்க ஒரு வகுப்பறையும் ஒரு ஆயாவும் போதும். அதையும் சேர்த்தே கேளுங்கள்.