ஜீப்புக்குள் படுக்கைத் தளம்: கழற்றி மாட்டக்கூடியதாகச் செய்வது எப்படி?

கொழும்பில் ஓடுகிற ஜீப்புகளில் பெரும்பாலானவை கிழமை நாட்களில் பிள்ளைகளைப் பாடசாலையில் இறக்கிவிட்டு அலுவலகத் தரிப்பிடத்தில் நிற்பவை. மன்னாருக்கும் மீமுரேக்கும் போவது வார இறுதியில்தான். ஆகவே வெளிநாட்டுக் காணொளிகளில் காண்கிற நிரந்தரக் கட்டில், நாலைந்து லாச்சிகள், தண்ணீர்த் தாங்கி ஆகியவை நம்மில் பலருக்குப் பொருந்தா. வெள்ளிக்கிழமை மாலை மாட்டி, ஞாயிறு இரவு கழற்றி, அடுக்குமாடியின் மின்தூக்கியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோகக்கூடிய தளமே நமக்கு வேண்டும். இந்த நிபந்தனையை விடாமல் பிடித்துக்கொண்டால் அளவு, எடை, வடிவம் மூன்றும் தாமாகவே தீர்மானமாகிவிடும். தளம் இரண்டு பகுதிகளாக இருக்கும்: பின்கதவுப் பக்கம் கீழே சாமான் வைக்கும் பெட்டி, அதற்கு முன்னால் மடித்த ஆசனங்களுக்கு மேலே வரும் தனி முன் துண்டு.

பிராடோ, மொண்டெரோ, பட்ரோல் போன்ற நீண்ட ஜீப்புகளை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். ஜிம்னி போன்ற சிறிய வண்டிக்கும் முறை இதுவே. ஆனால் முன் ஆசனத்தையும் சாய்த்தால்தான் காலை நீட்ட இடம் கிடைக்கும்.

1. அளவெடுத்தல்

இந்த வேலையில் அதிக நேரம் செலவிட வேண்டிய கட்டம் இதுதான். இரண்டாம் வரிசை ஆசனங்களை மடித்துவிடுங்கள். முன் ஆசனங்களை நீங்கள் வழக்கமாக ஓட்டும் நிலையிலேயே வையுங்கள். மூடிய பின்கதவின் உட்புறத்திலிருந்து முன் ஆசனத்தின் முதுகுவரை அளவெடுங்கள். உங்கள் உயரத்தைவிட 5 சென்ரிமீற்றராவது கூடுதலாக இருந்தால் நல்லது. குறைந்தால் கவலை வேண்டாம், இரவில் முன் ஆசனத்தை முன்னால் தள்ளிக்கொள்ளலாம்.

அடுத்தது உயரம். நிமிர்ந்து உட்கார்ந்தால், வளர்ந்தவர் ஒருவருக்கு இருக்கையிலிருந்து உச்சந்தலைவரை ஏறத்தாழ 85 முதல் 90 சென்ரிமீற்றர் வேண்டும். வண்டியின் உட்கூரை தரையிலிருந்து 105 சென்ரிமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். தளம் 25, மெத்தை 7 போனால் மிஞ்சுவது 73. முதுகை வளைத்துத்தான் உட்கார முடியும். தளத்தை 35 சென்ரிமீற்றருக்கு உயர்த்தினால் கீழே சாமான் நிறைய வைக்கலாம். ஆனால் மழை பெய்யும் இரவில் உள்ளே உட்கார்ந்து உடை மாற்றக்கூட முடியாது. தாழ்ந்த தளமே என் தேர்வு. பெட்டிக்குள் அடங்காத சாமானை வீட்டில் விட்டுவிடலாம்.

அகலத்தைச் சில்லு மேடுகளுக்கு இடையே, மிகக் குறுகிய இடத்தில் அளவெடுங்கள். வண்டியைத் தூக்கும் ஜக், சில்லுச் சாவி, உபரிச் சில்லை இறக்கும் துவாரம் ஆகியவை எங்கே இருக்கின்றன என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். இருட்டில் சில்லுக் காற்றுப் போனபின் தளத்தைக் கழற்றி ஜக் தேடுவது பெரும் அவதி.

இனி, குளிர்சாதனப் பெட்டி வந்த பெரிய காட்போட் மட்டையை வாங்கி, அதே அளவில் வெட்டி, வண்டிக்குள் வைத்துப் பாருங்கள். பின்கதவைச் சாத்திப் பாருங்கள். மேலே ஏறிப் படுத்தும் பாருங்கள். மட்டையில் பத்து முறை வெட்டித் திருத்தலாம், பலகையில் முடியாது.

2. பொருட்கள்

12 மில்லிமீற்றர் மரைன் பிளைவூட் போதும். எட்டுக்கு நாலு அடித் தாள் ஒன்று ஏறத்தாழ 20 கிலோ நிறை. 18 மில்லிமீற்றர் எடுத்தால் எடை ஒன்றரை மடங்காகும். அடியில் சட்டம் கொடுத்தால் அந்தத் தடிப்புக்குத் தேவையே இல்லை. மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகை மலிவு என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கொழும்பின் ஈரக் காற்றில் அது ஊதிவிடும், திருகாணியும் பிடிக்காது.

அத்துடன் 50க்கு 25 மில்லிமீற்றர் மரச் சட்டங்கள், நீர் புகாத மரப் பசை, துருப்பிடிக்காத எஃகுத் திருகாணிகள் தேவை. கடலை அண்டிய நகரத்தில் சாதாரண இரும்புத் திருகாணி சீக்கிரமே துருவேறித் தலை தேய்ந்துபோகும், கழற்ற வராது. இவற்றைப் பழைய சோனகத் தெருவின் வன்பொருள் கடைகளில் வாங்கலாம். வண்டியோடு இணைக்கும் போல்டுகளுக்குப் பஞ்சிகாவத்தைக்குப் போவதே சரி. உங்களிடமுள்ள போல்டைக் காட்டினால் அதே புரியில் நீளமானதைத் தேடித் தருவார்கள்.

அடுக்குமாடியில் இருப்பவர்கள் வீட்டில் வாள் பிடிக்க வேண்டாம். வெட்டு அளவுகளைத் தாளில் எழுதிக்கொண்டுபோய், பலகை விற்கும் இடத்திலோ மொறட்டுவைத் தச்சுப்பட்டறை ஒன்றிலோ இயந்திரத்தில் வெட்டி வாங்குங்கள். மூலைகள் செங்கோணமாக வரும். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

3. வெட்டும் அளவுகள்

இது ஓர் எடுத்துக்காட்டு மட்டுமே, உங்கள் காட்போட் மாதிரி சொல்வதே இறுதி. மேற்பலகை இரண்டு: பின் துண்டு 105க்கு 100 சென்ரிமீற்றர், முன் துண்டு 105க்கு 80. பெட்டிக்கு நெடுஞ்சுவர் மூன்று, ஒவ்வொன்றும் 100க்கு 24. ஆசனப் பக்கத்தை மூடும் குறுக்குச் சுவர் ஒன்று, 105க்கு 24. மேற்பலகையின் தடிப்பும் சேர்ந்து மொத்த உயரம் 25 ஆகும். இரண்டு மேற்பலகைகளும் நெடுஞ்சுவர்களில் இரண்டும் ஒரே தாளில் அடங்கும். மற்றவற்றுக்கு இன்னொரு தாளில் ஒரு பகுதி போதும். எல்லாம் சேர்ந்து 30 கிலோவுக்குள் வரும்.

4. பின் பெட்டியைப் பூட்டுதல்

பிளைவூட்டின் விளிம்பில் நேரே திருகாணி ஏற்றினால் அடுக்குகள் பிரிந்துவிடும். அதனால்தான் சட்டங்கள். ஒவ்வொரு நெடுஞ்சுவரின் மேல் விளிம்பை ஒட்டி ஒரு சட்டம் வைத்து, பசை பூசி, 15 சென்ரிமீற்றருக்கு ஒரு திருகாணியாக இறுக்குங்கள். 4 மில்லிமீற்றர் திருகாணிக்கு முதலில் 3 மில்லிமீற்றர் துளை போடுங்கள், மரம் வெடிக்காது.

பிறகு மூன்று சுவர்களையும் நிறுத்தி, ஆசனப் பக்கக் குறுக்குச் சுவரோடு மூலைச் சட்டங்களால் இணையுங்கள். நடுச்சுவர் நடுவில் வர வேண்டும். மேற்பலகை தாங்கலின்றிக் கடக்கும் தூரம் அரை மீற்றரளவு ஆகிவிடும், இருவர் படுத்தாலும் தொய்யாது. பின்கதவுப் பக்கம் பெட்டிகளுக்காகத் திறந்தே இருக்கும். அந்தப் பக்கத்து மேல் மூலைகளில் முக்கோணத் துண்டுகளைப் பொருத்துங்கள். இவை இல்லாவிட்டால் கரடுமுரடான பாதையில் பெட்டி பக்கவாட்டில் ஆடி ஆடித் தளர்ந்துவிடும்.

மேற்பலகையைப் பொருத்துமுன் அதில் 25 மில்லிமீற்றர் துளைகளை 20 சென்ரிமீற்றருக்கு ஒன்றாகப் போட்டுவிடுங்கள். தூங்குகிறவரின் உடற்சூட்டில் மெத்தைக்கு அடியில் ஈரம் படியும். காற்று போக வழியில்லையேல் பூஞ்சணம் பிடிக்கும்.

5. முன் துண்டு

பலர் இதைப் பிணைச்சலால் பின் பெட்டியோடு இணைப்பார்கள். நான் வேண்டாமென்பேன். பிணைச்சல் போட்டால் இரண்டும் ஒரே சுமையாகிவிடும். தனியே தூக்க முடியாது. அதற்குப் பதிலாக, பின் பெட்டியின் ஆசனப் பக்கத்தில், மேற்பலகைக்கு அடியில், ஒரு சட்டத்தை வெளியே நீட்டிப் பொருத்துங்கள். முன் துண்டின் ஒரு விளிம்பு அந்தச் சட்டத்தின்மேல் அமரும். மறுமுனைக்கு இரண்டு மரக் கால்கள். அவை வண்டியின் தரையில் ஊன்ற வேண்டும், ஆசன மெத்தையில் அல்ல. கால் வைக்கும் பள்ளம் பின்புறத் தரையைவிடத் தாழ்ந்திருக்கும். காலின் நீளத்தை அங்கே வைத்தே அளவெடுங்கள். இரு பக்கமும் சிறு தாழ்ப்பாள் ஒவ்வொன்று போட்டால் நழுவாது. துண்டின் அடியில் நீளவாக்கில் மூன்று சட்டங்கள் கொடுக்க மறக்க வேண்டாம்.

ஓடும்போது இதைக் கழற்றிப் பின் பெட்டியின்மேல் வைத்துப் பட்டியால் கட்டிவிடலாம்.

6. வண்டியோடு பிணைத்தல்

இதைத் தவிர்த்துவிட்டு ஒருவரும் வண்டியை எடுக்கக்கூடாது. சாமானோடு 60 கிலோ நிறையுள்ள பெட்டி, கடும் மோதலில் தன் எடையின் 20 மடங்கு விசையோடு முன்னால் பாயலாம். ஒரு தொன்னுக்கும் மேற்பட்ட அந்த விசை வந்து விழுவது உங்கள் முதுகில்.

பின்புறத் தரையில் தயாரிப்பாளரே கொடுத்த சாமான் கட்டும் வளையங்கள் இருக்கும். அவற்றின் போல்டைக் கழற்றி, அதே புரியுள்ள, சற்று நீளமான, 8.8 என்ற உறுதித் தரமுள்ள போல்டால் தடித்த இரும்பு எல்-பட்டையைச் சேர்த்து இறுக்குங்கள். பட்டையின் மறுபக்கத்தைப் பெட்டிச் சுவரோடு போல்டும் அகன்ற வோஷரும் போட்டுப் பூட்டுங்கள். நான்கு இடங்களிலும் இப்படிச் செய்யுங்கள். புதிதாகத் தரையில் துளை போடாதீர்கள். கீழே எரிபொருள் தாங்கி, பிரேக் குழாய், மின்கம்பிகள் எல்லாம் உண்டு.

ஆசனங்களையும் கழற்றாதீர்கள், மடித்தே வையுங்கள். பதிவுச் சான்றிதழில் ஆசன எண்ணிக்கை குறிக்கப்பட்டிருக்கிறது. அதை மாற்ற எண்ணினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும் காப்புறுதி நிறுவனத்திலும் முதலில் விசாரியுங்கள்.

7. பூச்சும் மெத்தையும்

அரத்தாள் தேய்த்து, பொலியூரிதேன் வார்னிஷ் இரண்டு மூன்று முறை பூசுங்கள். வெட்டு விளிம்புகளும் துளைகளின் உட்புறமும் முக்கியம், ஈரம் முதலில் புகுவது அங்கேதான். மே முதல் செப்டெம்பர் வரையான தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் ஒவ்வொரு பூச்சும் காய அதிக நேரம் எடுக்கும். வாசனை முற்றாகப் போகும்வரை உள்ளே படுக்க வேண்டாம்.

மெத்தைக்கு மூன்றாக மடியும் அடர்த்தியான ஸ்பொஞ்ச் நல்லது. மெல்லிய தும்பு மெத்தை இன்னும் நல்லது. கடினமாக இருந்தாலும் காற்று போகும்.

8. சாமான் வைப்பு

தொடக்கக்காரர்களுக்கு லாச்சி வேண்டாம். சுமை தாங்கும் தண்டவாளங்கள் விலை கூடியவை, எடை கூடியவை. சற்றுக் கோணினாலும் இழுபடா. 22 சென்ரிமீற்றருக்குக் குறைந்த உயரமுள்ள மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டிகளை உள்ளே தள்ளி, குறுக்கே ஒரு பட்டி கட்டினால் போதும். தண்ணீர், கருவிகள் போன்ற கனமானவை ஆசனப் பக்கமாக, தரையோடு இருக்கட்டும்.

வாழைப்பழமும் காய்கறியும் வாசனை வெளியே வராதபடி இறுக மூடிய பெட்டியில் இருக்க வேண்டும். புத்தல–கதிர்காமம் வீதியில் உணவு தேடி வாகனங்களை மறிக்கும் யானைகளை அறியாதவர் இல்லை. தேசிய பூங்காக்களுக்குள் நினைத்த இடத்தில் நிறுத்தி உறங்க முடியாது. வனசீவராசிகள் திணைக்களம் ஒதுக்கிய முகாமிடத்தை முன்பதிவு செய்துகொண்டே போக வேண்டும்.

9. முதல் இரவுக்கு முன்

எஞ்சினை ஓடவிட்டு ஏ.சி. போட்டுத் தூங்காதீர்கள். எஞ்சின் புகையிலுள்ள காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும். உள்ளே அடுப்பு மூட்டுவதும் அப்படியே. இரு பக்க யன்னல்களையும் சற்றுத் திறந்து, கதவுச் சட்டத்தில் காந்தத்தால் ஒட்டும் நுளம்பு வலையை மாட்டுங்கள். சரிவில் நிறுத்த நேர்ந்தால் தலை மேட்டுப் பக்கம் இருக்கட்டும்.

முதல் கரட்டுப் பாதைப் பயணம் முடிந்ததும் நான்கு பிணைப்புப் போல்டுகளையும் சாவி போட்டுப் பாருங்கள். புதிய மரம் அழுந்துவதால் அவை கொஞ்சம் தளர்ந்திருக்கும். இறுக்கியபின் போல்டின் தலையிலிருந்து பட்டைவரை வர்ணத்தால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். அடுத்த முறை கோடு விலகியிருந்தால், சாவி இல்லாமலே தளர்ச்சி தெரிந்துவிடும்.