பிரசங்கத்திற்கு முன் ஒரு கிரேக்கச் சொல்லைப் பார்ப்பது எப்படி

உவர்மலையிலும் பாலையூற்றிலும் வீட்டுக் கூட்டங்களில் வசனம் பகிரும் தம்பி தங்கைமார் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "ஐயா, கிரேக்கம் படிக்காமலே கிரேக்கச் சொல்லுக்குப் பொருள் சொல்லலாமா?" சொல்லலாம். இரண்டு தமிழ் வேதாகமங்களும், ஸ்ட்ராங் எண்கள் (வேதாகமத்தின் மூலமொழிச் சொல் ஒவ்வொன்றுக்கும் இட்ட எண்) காட்டும் செயலியுள்ள ஒரு கைத்தொலைபேசியும், கொஞ்சம் சந்தேகப் புத்தியும் போதும்.

பழைய மொழிபெயர்ப்பையும் 1995இல் வெளிவந்த திருவிவிலியத்தையும் அருகருகே விரித்துவையுங்கள். எங்கள் வீட்டில் இது சுலபம். நான் மெதடிஸ்த சபை, மனைவி கத்தோலிக்கர். எனக்கு 'விசுவாசம்', அவருக்கு 'நம்பிக்கை'. இரண்டுக்கும் அடியில் இருப்பது பிஸ்திஸ் என்ற ஒரே கிரேக்கச் சொல், எண் 4102.

ஒரே தமிழ்ச் சொல் பல கிரேக்கச் சொற்களை மூடிக்கொண்டிருப்பதும் உண்டு. அப்போஸ்தலர் 8ஐ எடுங்கள். 4ஆம் வசனத்தில் சிதறிப்போனவர்கள் பிரசங்கிக்கிறார்கள். 5ஆம் வசனத்தில் பிலிப்பு பிரசங்கிக்கிறான். எண்ணைத் தட்டிப் பாருங்கள். முன்னது 2097, நற்செய்தி சொல்லுதல். பின்னது 2784, கேருஸ்ஸோ, கேருக்ஸ் செய்யும் வேலை. கேருக்ஸ் என்பவன் அரசனின் ஆணையை ஊரறியக் கூவுபவன். மணிமேகலையின் விழாவறை காதையில் முரசறைபவன் செய்யும் அதே வேலை. செய்தி அரசனுடையது, அதில் கூட்டவோ குறைக்கவோ கூவுபவனுக்கு உரிமையில்லை. இனி 20:9. பவுல் நெடுநேரம் பிரசங்கம்பண்ண, ஐத்திகு தூங்கி மூன்றாம் மெத்தையிலிருந்து (மாடியிலிருந்து) விழுகிறான். அங்கே இருப்பது 1256, கலந்துரையாடும் சொல். (நீண்ட பிரசங்கத்துக்கு இந்த வசனத்தை ஆதாரம் காட்டுபவர்கள் ஐத்திகுவையும் நினைத்துக்கொள்ளட்டும்.)

அடுத்து, அந்த எண் வரும் மற்ற இடங்களையும் வாசியுங்கள். பெரும்பாலோர் தவறவிடுவது இதைத்தான். ரோமர் 3:3இல் 'தேவனுடைய உண்மை' என்று நாம் வாசிப்பதும் பிஸ்திஸ்தான். ஆகவே அது நம்புகிறவரின் மனநிலையை மட்டும் அல்ல, நம்பத்தக்கவரின் குணத்தையும் குறிக்கும். யோவான் தம் சுவிசேஷத்தில் இந்தப் பெயர்ச்சொல்லை ஓரிடத்திலும் எழுதவில்லை. வினைச்சொல்லான பிஸ்தெவோவைத்தான் திரும்பத் திரும்ப எழுதுகிறார். 2:23இல் அநேகர் இயேசுவின் நாமத்தில் விசுவாசம் வைக்கிறார்கள். அடுத்த வசனத்தில் அவரோ அவர்களை நம்பித் தம்மை ஒப்படைக்கவில்லை. இரண்டிலும் ஒரே வினை. இந்த இரு வசனங்களை வைத்தே ஒரு மாலைக் கூட்டத்தை நடத்தலாம்.

வேர்ச்சொல் விளையாட்டை விட்டுவிடுங்கள். ரோமர் 1:16இல் 'பெலன்' என்பது துனாமிஸ், அதிலிருந்துதான் டைனமைட் வந்தது, எனவே சுவிசேஷம் வெடிக்கும் என்று முழங்குவார்கள். நோபல் டைனமைட்டுக்குக் காப்புரிமை பெற்றது 1867இல். பவுலுக்கு அது தெரியாது. டைனமைட் போட்டு மீன் பிடித்தால் மீன்குஞ்சும் பவளப்பாறையும் என்னவாகும் என்று அறிந்த திருகோணமலையில் இந்த உவமை எனக்குக் கூசுகிறது.

கூட்டத்தில் கிரேக்க ஒலியை உச்சரிக்கவே தேவையில்லை. 'விசுவாசம் கேள்வியினால் வரும்' என்ற ரோமர் 10:17ஐ வாசித்தால் பிள்ளைகள் வினா என்று எண்ணுகிறார்கள். அங்கே உள்ள அகொஏ, செவியால் கேட்பதையும் கேட்ட செய்தியையும் குறிக்கும். "திருக்குறளின் 42ஆம் அதிகாரத்துக் கேள்வி" என்று சொல்லிவிட்டு அடுத்த வசனத்துக்குப் போங்கள்.