அரிசியில் நிறம் மாறிய மணிகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரின் தேக்கா சந்தையில் வாங்கி வந்த பொன்னி அரிசியைத் தட்டில் பரப்பிப் பார்த்தால் சில மணிகள் மஞ்சளாக இருக்கும், ஒன்றிரண்டில் சிவப்புக் கோடு ஓடும், எங்காவது ஒன்று முனை கறுத்துக் கிடக்கும். உடனே "கலப்படம்" என்கிறோம், இல்லாவிட்டால் "கழுவினால் போய்விடும்" என்று உலையில் போட்டுவிடுகிறோம். சிங்கப்பூருக்கு வரும் அரிசி எல்லாமே இறக்குமதி. வயல், களம், ஆலை, கப்பல், கிடங்கு என்று பல இடம் தாண்டித்தான் நம் வீட்டுக்கு வருகிறது. நிறம் எந்த இடத்தில் வந்தது என்று பார்க்காமல் தீர்ப்புச் சொல்வதுதான் எல்லாத் தவறுகளுக்கும் தாய்.

சிவப்புக் கோட்டையே எடுத்துக்கொள்வோம். அது நோயும் இல்லை, சாயமும் இல்லை, பிறவி நிறம். காட்டு நெல்லின் தவிடு பொதுவாகச் சிவப்புதான். ஏழாவது குரோமோசோமில் உள்ள 'ஆர்சி' என்ற மரபணு தவிட்டுத் தோலில் நிறமியை உண்டாக்குகிறது. முதல் குரோமோசோமில் இருக்கும் 'ஆர்டி' மரபணுவும் கூடவே வேலை செய்தால்தான் நல்ல சிவப்பு வரும். இன்று நாம் சாப்பிடும் வெள்ளை ரகங்களில் மிகப் பெரும்பாலானவற்றில் ஆர்சி மரபணுவின் 14 டிஎன்ஏ எழுத்துகள் காணாமல் போயிருக்கின்றன. அதனால்தான் அவை வெள்ளை. சிவப்பு ஓங்கு பண்பு, வெள்ளை ஒடுங்கு பண்பு; இரண்டும் ஒரே செடியில் சேர்ந்தால் சிவப்புதான் வெளியே தெரியும்.

இதில் விதை எடுக்கும் விவசாயிகளே ஏமாறும் ஓர் இடம் உண்டு. தவிட்டுத் தோல் தாய்ச் செடியின் திசு. பக்கத்தில் நிற்கும் சிவப்புக் களைநெல்லின் மகரந்தம் வெள்ளை நெல்லில் விழுந்து கருவுற்றாலும், அந்த மணியின் தோல் தாயைப் போல வெள்ளையாகத்தான் இருக்கும். உமியை உரித்துப் பார்த்தாலும் தெரியாது. அதை விதைத்து, வளரும் செடி கதிர் விட்ட பிறகுதான் அதன் மணிகள் எல்லாம் சிவப்பாக வரும். ஆலையில் தீட்டும்போது அந்தத் தோல் பெரும்பாலும் போய்விடும். மணியின் பள்ளங்களில் ஒட்டிய மிச்சம்தான் நாம் பார்க்கும் கோடு. தாராளமாகச் சாப்பிடலாம்.

கறுப்பு அரிசிக்கும் இதே கதைதான். புலுட் ஹித்தாம் என்ற கறுப்பரிசிக் கஞ்சி காய்ச்ச ஊறப்போட்ட அரிசியின் தண்ணீர் ஊதாவாக மாறியதும் சாயம் என்று பயந்து கொட்டிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது ஆந்தோசயனின், தண்ணீரில் கரையும் இயற்கை நிறமி. நாலாவது குரோமோசோமில் உள்ள 'காலா4' மரபணுவின் வேலை. அந்தத் தண்ணீரில் கொஞ்சம் எலுமிச்சை பிழிந்தால் செக்கச் சிவந்து போகும். மணியை உடைத்தால் உள்ளே வெள்ளையாக இருக்கும். கருப்பு கவுனிக்கும் இது பொருந்தும்.

பிறவியில் வராத நிறங்கள்தான் கவனிக்க வேண்டியவை. வயலில் பழுப்புப் புள்ளி நோயும் இலையுறை அழுகலும் மணியைக் கறுக்க வைக்கும். பால் பிடிக்கும் பருவத்தில் கதிர் நாவாய்ப்பூச்சி உறிஞ்சிய இடத்தில் கறை விழும். அறுவடை நேரத்தில் மழை பிடித்தால் பூஞ்சைகளுக்குக் கொண்டாட்டம்தான். இவ்வளவு காரணங்கள் இருக்க, ஒரே கிருமியைக் குற்றவாளியாக்கி ஒரே மருந்து தெளிப்பது வீண் செலவு. நிறமாற்றத்தைத் தாங்க ஒரே மரபணு இருக்கிறது என்று நம்புவதும் அப்படித்தான். பல மரபணுக்கள் சிறிது சிறிதாகக் கை கொடுக்கின்றன. மழை ஓய்ந்த பிறகு பூக்கும் ரகம், நோய் எதிர்ப்பே இல்லாமலும் பளிச்சென்று மணி தரும். அதை எதிர்ப்புத் திறன் என்று எழுதிவைத்தால் அடுத்த பருவத்தில் குட்டு வெளிப்பட்டுவிடும். ஒரே நாளில் பூக்கும் ரகங்களை ஒப்பிட்டால்தான் நியாயமான பதில் கிடைக்கும்.

மஞ்சள் மணி பெரும்பாலும் அறுவடைக்குப் பிந்தையது. ஈரம் காயாத நெல்லைக் குவித்து வைத்தால் உள்ளே சூடேறி அரிசி மஞ்சளாகும். புழுங்கல் அரிசியின் இளமஞ்சளை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அவிக்கும்போது உமி, தவிட்டின் நிறம் உள்ளே இறங்குவதாலும், சர்க்கரையும் புரதமும் சூட்டில் வினைபுரிவதாலும் வரும் நிறம் அது. எல்லா மணியும் ஒரே சீராக இருக்கும். வெள்ளைப் பச்சரிசியில் திட்டுத் திட்டாக மஞ்சள் தெரிந்தால் மட்டும் யோசியுங்கள்.

அப்புறம் நம் வீட்டில் நடக்கும் தவறு. எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். நன்றாக உலர்ந்து வந்த அரிசி மூட்டையைப் பிரித்து, வாயை ரப்பர் பேண்டால் கட்டி, பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே வைத்துவிடுகிறோம். பூஞ்சை வளராமல் இருக்க அரிசியின் ஈரப்பதம் சுமார் 14 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். இங்கே காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 சதவீதத்துக்கு மேல்; இரவில் இன்னும் ஏறும். திறந்த அரிசி அதை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். சிறிய மூட்டையாக வாங்கி, இறுக்கமாக மூடும் டப்பாவில், சுவரையும் தண்ணீர்க் குழாயையும் விட்டுத் தள்ளி வையுங்கள். பழைய அரிசியின் மேல் புதியதைக் கொட்டாதீர்கள்.

பச்சையோ கறுப்போ பூத்து, மக்கல் வாடை அடித்தால் கழுவிச் சமைப்பது பெரிய தவறு. அஃப்ளாடாக்சின் போன்ற பூஞ்சை நச்சுகள் சோறு வேகும் சூட்டில் முழுதாக அழிவதில்லை. கழுவினாலும் உள்ளே இறங்கியது போகாது. கெட்ட மணிகளைப் பொறுக்கிவிட்டு மிச்சத்தை வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்காமல் மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள். பையில் 'சார்ட்டெக்ஸ்' என்று போட்டிருந்தால், நிறம் மாறிய மணிகளை ஆலையில் இயந்திரம் ஒதுக்கியிருக்கிறது என்று பொருள். அதன் பிறகு அரிசி எப்படி இருந்தது என்பதற்கு அது சான்று இல்லை.

சப்பாத்தி மாவுக்கு மட்டும் நேர்மாறாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. குளிர்பெட்டியில் ஓர் இரவு வைத்த மாவு சாம்பல் நிறமானதும் பூஞ்சை என்று வீசிவிடுகிறார்கள். கோதுமைத் தவிட்டில் உள்ள பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதி காற்றுப் பட்டால் செய்கிற வேலை அது. இந்த நொதிக்கான முக்கிய மரபணுக்கள் கோதுமையின் 2ஏ, 2டி குரோமோசோம்களில் இருக்கின்றன. நூடல்ஸுக்கான கோதுமை ரகங்களை உருவாக்குபவர்கள் நொதி குறைந்த ரகங்களைத் தேடித் தேடி எடுக்கிறார்கள். புளித்த வாடையோ பூசணமோ இல்லையென்றால் அந்த மாவில் சப்பாத்தி போடலாம். மேலே எண்ணெய் தடவி, காற்றுப் புகாமல் சுற்றி வைத்தால் நிறம் மெதுவாகத்தான் மாறும்.