வகுப்பறையில் ஜூ: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மழலையர் வகுப்பில் விளையாட்டுக்கு ஒரு ஜூ (மிருகக்காட்சி சாலை) வைக்கப் போகிறோம் என்றால், முதல் நாள் சாயங்காலமே உட்கார்ந்து கூண்டு, மரம், குளம், பெயர்ப்பலகை எல்லாவற்றையும் நாமே செய்து முடித்துவிடுகிறோமே, அதுதான் முதல் தவறு, என் கணக்கில் பெரிய தவறும் அதுதான். மறுநாள் வரும் குழந்தைக்கு மிச்சம் இருப்பது சுற்றிப் பார்ப்பது மட்டும். நானும் இரண்டு வருடம் இப்படிச் செய்தேன். கால் மணி நேரத்தில் பிள்ளைகள் ஜூவை விட்டுவிட்டுக் கட்டைகளை அடுக்கப் போய்விட்டார்கள். அடுத்த வருடம் நான்கு காலி அட்டைப்பெட்டி, ஒரு பழைய போர்வை, கொஞ்சம் டேப் மட்டும் வைத்துவிட்டு, "யானை எங்கே தூங்கும்?" என்று கேட்டேன். பெட்டி பத்தாது, மேசைக்கு அடியில்தான் படுக்கும், அப்படியென்றால் தும்பிக்கை வெளியே வர வழி வேண்டும் என்று பேச்சு கிளம்பி, அன்று காலை முழுக்க யானை வீடு கட்டுவதிலேயே போனது.

கைவேலையிலும் இதே கதைதான். டீச்சர் வெட்டிக் கொடுத்த வட்டம், டீச்சர் வெட்டிக் கொடுத்த பிடரி, "இங்கே ஒட்டு" என்று காட்டிய இடம். கடைசியில் சுவரில் இருபது சிங்கம் இருக்கும், எது யாருடையது என்று பின்பக்கம் பெயரைப் பார்த்தால்தான் தெரியும். 3 வயதில் பலருக்கும் கத்தரிக்கோல் கைக்கு அடங்காது, அதனால் பிடரிக்குக் காகிதத்தைக் கிழிக்க விடுங்கள். இரண்டு கை விரல்களும் சேர்ந்து செய்கிற வேலை அது, பின்னால் வெட்டப் பழகுவதற்கும் உதவும். கண் இரண்டும் ஒரே பக்கம் இருந்தால் இருக்கட்டும். பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு அதைப் பிய்த்து நேராக ஒட்டுகிற வேலை வேண்டவே வேண்டாம், மறுநாள் அவர்களுக்குத் தெரிந்துவிடும். ஒரு வரிக்குதிரையின் வரி இன்னொன்றுக்கு அப்படியே இருக்காது, ஒட்டகச்சிவிங்கியின் திட்டுகளும் அப்படித்தான். இதைச் சொல்லிவிட்டு கறுப்பு வண்ணத்தைக் கொடுத்துப் பாருங்கள், பக்கத்துத் தாளைப் பார்க்காமல் தன் வரியைத் தானே யோசித்துப் போடுவார்கள்.

பனிக்கரடியையும் பென்குயினையும் ஒரே பனிக்கட்டியில் நிற்க வைப்பது ரொம்பச் சாதாரணமாக நடக்கிறது. பனிக்கரடி வடதுருவப் பகுதியில் இருப்பது, பென்குயின்களின் இடமோ கிட்டத்தட்ட முழுக்கவே தெற்குப் பாதி. பாடம் நடத்த வேண்டாம், இரண்டுக்கும் தனித்தனி வெள்ளைத் துணி விரித்தால் போதும். அதே மாதிரி புலிக்கூட்டம் என்று ஐந்தாறு புலிகளைச் சேர்த்து வைக்காதீர்கள், கூட்டமாக வாழ்வது சிங்கம்தான்.

அப்புறம் கம்பி. ஸ்ட்ராவை வரிசையாக ஒட்டி ஒவ்வொரு விலங்கையும் கம்பிக்குப் பின்னால் அடைப்பது எனக்கு மனதுக்கே ஒப்பாத விஷயம். கார்ல் ஹாகன்பெக் என்பவர் 1907-லேயே ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில், கம்பிக்குப் பதில் அகழி வெட்டி விலங்குகளை வைத்த ஜூவைத் திறந்துவிட்டார். இன்றைக்கு நல்ல ஜூக்களில் விலங்குக்குச் சலிப்புத் தட்டாமல் இருக்க உணவை அட்டைப்பெட்டிக்குள் ஒளித்து வைத்துத் தேட விடுகிறார்கள். இதைவிட நல்ல கைவேலை எங்கே கிடைக்கும்? குரங்குக்கு ஒரு புதிர்ப்பெட்டி செய்யச் சொல்லுங்கள், எங்கே ஓட்டை போடுவது, கை நுழையுமா என்று அரை மணி நேரம் யோசிப்பார்கள்.

பாவனை விளையாட்டு ஐந்தே நிமிடத்தில் துரத்தலும் கத்தலுமாக மாறுகிறதென்றால், பிள்ளைகளைக் குறை சொல்வதற்கு முன் வேடங்களை எண்ணிப் பாருங்கள். எல்லோரும் சிங்கமாக இருந்தால் கர்ஜிப்பதைத் தவிர வேறு வேலை என்ன இருக்கிறது? தீனி தயாரிக்கிறவர், டிக்கெட் கொடுப்பவர், விலங்கு டாக்டர், சாணி அள்ளுபவர் என்று மனிதர்களின் வேலையையும் கொண்டு வாருங்கள். பழுப்புக் காகிதத்தைக் கசக்கி உருண்டையாக்கி வாளியும் கொடுத்தால், சாணி அள்ளும் வேலைக்குத்தான் அடிதடி. சிங்கம் ஒரு நாளில் 20 மணி நேரம் வரைகூடத் தூங்கும் என்று சொல்லிவைத்தால் கர்ஜனையும் தானாகவே குறையும்.

விளையாட்டு நன்றாகப் போகும்போது நடுவில் புகுந்து "இது என்ன நிறம், எத்தனை கால்?" என்று கேட்பது அதைக் கொன்றுவிடும். கேட்க ஆசையாக இருந்தால் டிக்கெட் வாங்கிக்கொண்டு பார்வையாளராக உள்ளே போங்கள், "இந்த யானை ஏன் சாப்பிடாமல் இருக்கிறது?" என்று கவலையோடு கேளுங்கள், டாக்டர் ஓடி வருவார்.

முகமூடி விஷயத்தில் கவனம் தேவை. முகத்தை மூடினால் பக்கவாட்டுப் பார்வை மறைந்து மோதிக்கொள்வார்கள், சின்னக் குழந்தைகளில் சிலர் பழகிய முகம் மறைந்தாலே பயந்து அழுவார்கள். தலைப்பட்டையில் காது ஒட்டினால் போதும். வாலை இடுப்பில் செருகுங்கள், கழுத்தில் எந்தக் கயிறும் கட்ட வேண்டாம். ஸ்டேப்ளர் பின்னின் கூர்மேல் டேப் ஒட்டிவிடுங்கள்.

ஒட்டும் பிளாஸ்டிக் கண்கள், பாசிமணி, பஞ்சு உருண்டை எல்லாம் 3 வயதுக்கு உட்பட்டவர்கள் இருக்கும் அறையில் வேண்டாம். டாய்லெட் பேப்பர் சுற்றியிருக்கும் அட்டைக் குழாய்க்குள் நுழைகிற எதுவும் அந்த வயதுக்குத் தொண்டையில் சிக்கக்கூடிய அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணைப் பேனாவால் வரைந்தாலே சிங்கம் பார்க்கும். அழுத்தினால் சத்தம் போடும் பொம்மை விலங்குகள் பலவற்றில் காசு மாதிரி தட்டையான பட்டன் பேட்டரி இருக்கும், அந்த மூடி திருகாணியால் இறுக்கப்பட்டிருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். விழுங்கிவிட்டால் 2 மணி நேரத்திலேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும், விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே நேராக மருத்துவமனைதான்.

வெள்ளிக்கிழமை வந்ததும் எல்லாவற்றையும் கலைப்பதையும் நான் நிறுத்திவிட்டேன். முதல் வாரம் யார் என்ன வேலை என்று பேசித் தீர்க்கவே சரியாகப் போகிறது, கதை சூடு பிடிப்பது இரண்டாவது வாரத்தில்தான். கலைத்தே ஆக வேண்டிய நாள் வந்தபோது, விலங்குகளை எங்கே அனுப்பலாம் என்று அவர்களிடமே கேட்டேன். நாற்காலிகளை வரிசையாகப் போட்டு ஒரு லாரி கட்டி, ஒட்டகச்சிவிங்கி நிமிர்ந்து நிற்க வேண்டுமென்று கூரை மட்டும் போடாமல் விட்டார்கள்.